சோறு இறங்காத உடல்: உணவு மறுப்பும் கைப்பேசிச் செயலியும்

1

உணவு மறுப்பு ஒரு நோய் என்று பேச ஆரம்பித்தாலே நம் வட்டாரத்தில் ஒரு சிரிப்பு எழுகிறது. 'பசிச்ச வயித்துக்குச் சோறு இல்லாத ஊர்ல இது என்னய்யா புது வியாதி?' என்பது அச்சிரிப்பின் பொருள். வறட்சியையும் கூலியையும் ரேஷன் அரிசியையும் பற்றி எழுதி வந்த நமக்கு, தட்டில் சோறு இருந்தும் உண்ணாத பெண் ஒரு மேட்டுக்குடிப் பிரச்சினையாகத் தெரிவதில் வியப்பில்லை. பசி அரசியல், பசியை மறுப்பது சொகுசு. இந்த இருமை எதிர்வுக்குள் நம் சிந்தனை சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு பக்கம் ஒரு புது உற்சாகம். உளவியல் சிகிச்சைக்குத் துணையாகக் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன. மருத்துவர் இல்லாத ஊருக்கு இனி மருத்துவம் சட்டைப் பையில் வந்து சேரும் என்கிறார்கள். மனநல மருத்துவர்கள் பெருநகரங்களில் குவிந்துகிடக்கும் நாட்டில் இவ்வாக்குறுதியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

சிரிப்பும் உற்சாகமும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது என் வாதம். உண்ணாத பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டிய கட்டாயத்திலிருந்து இரண்டுமே நம்மை விடுவிக்கின்றன. முன்னது 'உனக்கு நோயே கிடையாது' என்கிறது. பின்னது 'உன் நோய் ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருக்கிறது, பொத்தானை அழுத்து' என்கிறது. புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். செயலி வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. அது என்ன செய்கிறது, யாருடைய மொழியில் செய்கிறது, அதன் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது விமர்சனத்தின் வேலை.

2

முதலில் பெயர். 1873இல் பாரிசில் லசேக், லண்டனில் வில்லியம் கல் ஆகிய இரு மருத்துவர்கள் உண்ண மறுத்து மெலிந்துபோகும் இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியே பேசினார்கள். லசேக் அதை ஹிஸ்டீரியாவோடு சேர்த்துவைத்தார். கல் தந்த 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் நிலைத்தது. கிரேக்க மூலத்தில் அச்சொல் பசி இல்லாமையைக் குறிக்கும். நாமும் விசுவாசமாகப் 'பசியின்மை' என்று பெயர்த்துக்கொண்டோம். ஆனால் இந்நோயில் பசி பெரும்பாலும் செத்துப்போவதில்லை. அது இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது. அதை ஒவ்வொரு வேளையும் தோற்கடிப்பதில்தான் அவளுக்குத் தன் உடல் மீது ஓர் ஆட்சி கிடைக்கிறது. ஆகவேதான் 'உணவு மறுப்பு' என்ற சொல்லை இங்கே பயன்படுத்துகிறேன். மறுப்பு என்பதில் ஒரு தன்னிலை இருக்கிறது; இன்மை என்பதில் அது இல்லை.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'குண்டாகிவிடுவேனோ' என்ற அச்சம் இந்நோயின் மையக் குறியாக நிறுவப்பட்டது. அதை அளக்கக் கேள்வித்தாள்கள் வந்தன. அவற்றில் ஒன்றை மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் கொடுத்துப் பார்த்து 1989இல் எழுதினார்கள். மதிப்பெண் எக்கச்சக்கமாக ஏறியது. காரணம் நோயல்ல; சில கேள்விகளை மாணவிகள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவில் கட்டுப்பாடு நற்குணமாகப் போதிக்கப்படும் இடத்தில் 'நான் கட்டுப்பாட்டோடு உண்கிறேன்' என்பதற்கு ஆமாம் சொல்பவள் நோயாளி ஆகிவிடுகிறாள்.

இதற்கு நேர்மாறான விஷயமும் நடந்தது. ஹாங்காங்கில் சிங் லீயும் அவரது சகாக்களும் 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் குண்டாகும் பயமே இல்லை. வயிறு உப்புசம், பசி எடுக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். தில்லியிலிருந்து 1995இல் காண்டேல்வாலும் மற்றவர்களும் எழுதிய ஐந்து இளம்பெண்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஆக, அளவுகோல் சிலரை நோயே இல்லாமல் உள்ளே இழுத்தது. சிலரை நோயோடு வெளியே தள்ளியது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடு வந்தபோது, அச்சத்தைச் சொல்லாவிட்டாலும் எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்று வரையறை தளர்த்தப்பட்டது. விளிம்பிலிருந்து எழுந்த குரல்கள் மையத்தின் வாக்கியத்தைக் கொஞ்சமாவது அசைக்க முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. சென்னையில் டி.என். ஸ்ரீனிவாசனும் சகாக்களும் 1990களில் மருத்துவ மாணவர்கள் 210 பேரை ஆராய்ந்தார்கள். 14.8 சதவிகிதத்தினரிடம் முழுமையான நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உணவைச் சுற்றிச் சுழலும் ஒரு துயரத்தைக் கண்டு அதற்கு 'உண்ணல் துயரம்' என்ற பொருளில் ஒரு பெயரையும் வைத்தார்கள். இறக்குமதியான அளவுகோலை அப்படியே மாட்டிவிடாமல் இங்கிருந்தே ஒரு கேள்வித்தாள் செய்ய முயன்ற ஆய்வு அது. நம் சிரிப்புக்காரர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

'நம்ம பண்பாட்டுக்கு இதெல்லாம் வராது' என்று ஆறுதல் அடைபவர்களுக்கு ஃபிஜித் தீவின் கதை உண்டு. உடல் பருத்திருப்பதை அழகாகவும் அன்பின் அடையாளமாகவும் கருதிய சமூகம் அது. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும் பிறகு 1998இலும் பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார் ஆன் பெக்கர். எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் முறை யாருமில்லை. மூன்று ஆண்டுகளில் அது 11.3 சதவிகிதம் ஆனது. பண்பாடு ஒரு கோட்டைச் சுவர் அல்ல. பதினைந்து வினாடிக் காணொளி எல்லார் உள்ளங்கைக்கும் வந்துவிட்ட காலத்தில் அந்தச் சுவரை நம்பிக்கொண்டிருப்பது அறியாமை.

3

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு என்ன சொற்கள் இருக்கின்றன? 'சோறு இறங்கல', 'சோத்தப் பாத்தாலே கொமட்டுது', 'வாய்க்குப் பிடிக்கல', 'வயிறு கல்லு மாதிரி இருக்கு' என்கிறார்கள். 'தொக்கம் விழுந்திருக்கும், எடுத்தாச் சரியாப் போகும்' என்று ஓர் ஆளிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 'காத்து கருப்பு அண்டிருச்சு' என்று மந்திரிக்கிறார்கள். வயசுப் பெண் தொடர்ந்து உண்ணாமல் இளைத்துப்போனால் 'யாரோ மருந்து வச்சுட்டாங்க' என்ற பேச்சு வரும். இடுமருந்து எடுக்க ஆள் தேடுவார்கள்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளுவது நம் பகுத்தறிவு மரபின் பழக்கம். ஆனால் இச்சொற்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். இடுமருந்துக் கதையாடலின் மையக் கேள்வி 'யாரு கையால சாப்புட்ட?' என்பது. உண்ணாமை ஒரு தனி ஆளின் தலைக்குள் நடக்கும் விஷயமாக அங்கே பார்க்கப்படுவதில்லை. ஊட்டியவர், உண்டவர், இருவருக்குமிடையே உள்ள பகை, ஆசை, பொறாமை எல்லாம் சேர்ந்த உறவுக் கோளாறாகப் பார்க்கப்படுகிறது. செயலியின் கேள்வி 'என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய்' என்று போகிறது. கிராமத்தின் கேள்வி 'யாரோடு' என்று போகிறது.

இதைச் சொல்வதால் மரபைத் தோளில் தூக்கிக்கொள்வதாக எண்ண வேண்டாம். மருந்து வைத்தவளாகக் கை காட்டப்படுவது பெரும்பாலும் இன்னொரு பெண்தான்: மருமகள், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி. கணவனை இழந்தவளுக்குக் கைம்மை என்ற பெயரில் நெய்யில்லாத பிழிந்த சோற்றையும் கீரையையும் விதித்ததைச் சங்கப் பாடலே பதிந்து வைத்திருக்கிறது. அதுவும் ஓர் உணவு ஒழுங்குதான். வீட்டில் எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைப் பெண் உண்பது இன்றும் எத்தனையோ வீடுகளில் விதி. பெண்ணின் வாயைக் கண்காணிக்கும் எந்திரம் கைப்பேசியோடு தொடங்கவில்லை.

மணிமேகலையின் காயசண்டிகையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு முனிவனின் நாவல் கனியைக் காலால் மிதித்துவிட்டாள் என்பதற்காக யானைத்தீ என்னும் தீராப் பசியைப் பன்னிரண்டு ஆண்டுகள் சுமந்தவள். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்குத் தமிழ்ப் பிரதி தந்த பெயர் அது. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஊட்டியதும் பசி தணிகிறது. நம் மேடைகளில் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு என்ன ஆனாள்? குணமாகி ஊர் திரும்ப வானில் பறந்தவளை விந்தமலையைக் காக்கும் தெய்வம் இழுத்துத் தன் வயிற்றில் அடக்கிக்கொள்கிறது. பசியாறியவள் இன்னொரு வயிற்றுக்கு இரையாகிறாள். இங்கே புகாரில் அவளது உருவத்தை மணிமேகலை எடுத்துக்கொள்கிறாள். நோயாளி குணமானதோடு பிரதிக்கு அவள் தேவையற்றுப் போகிறாள். அவளிடமிருந்து எடுக்கப்பட்ட உருவம் மட்டும் தொடர்ந்து உலவுகிறது. செயலிக்குள் போகும் தகவல்களைப் பற்றி யோசிக்கும்போது இக்கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

உண்ணாமைக்கு மரியாதை இல்லாத நாடும் அல்ல இது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். சித்தன்னவாசல் குன்றில் சமண முனிவர்கள் நோன்பிருந்த கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பு மாறாமல் கிடக்கின்றன. சங்கரலிங்கனார் 1956இல் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டார். 1987 செப்டம்பரில் நல்லூரில் திலீபன் 12 நாளில் இறந்தார். இவையெல்லாம் பொதுவெளியின் பிரதிகள். கோரிக்கை உண்டு, பந்தல் உண்டு, சாட்சிகள் உண்டு. ஒரு பெண் அதைச் செய்தபோது என்ன ஆனது? ஐரோம் ஷர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ண மறுத்தார். அரசு அதைத் தற்கொலை முயற்சி என்று வழக்காக்கி மூக்கில் குழாய் செருகியது. அடுப்படியில் உண்ணாமல் இருப்பவளுக்குப் பந்தலும் இல்லை, சாட்சியும் இல்லை. கோரிக்கை என்ன என்று அவளுக்கே வார்த்தையாகத் திரண்டிருக்காது. மேலே படிக்கணும் என்பதா, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பதா, சின்ன வயசில் நடந்த எதையோ சொல்ல முடியாததா? அவளது உடல் எழுதுகிறது, வாசிக்க ஆளில்லை.

4

இப்போது செயலியை ஒரு பிரதியாக வாசிப்போம்.

உணவுக் கோளாறுகளுக்கான சிகிச்சைகளில் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு முக்கிய இடம் உண்டு. இங்கிலாந்தின் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் 1981இலிருந்து வளர்த்தெடுத்த முறை அது. அதன் அடிப்படைக் கருவி ஒரு குறிப்பேடு. உண்டது என்ன, எப்போது, எங்கே, யாரோடு, அப்போது மனதில் ஓடியது என்ன, பிறகு வாந்தி எடுத்தாளா, பேதி மாத்திரை போட்டாளா என்று அப்போதைக்கப்போது எழுத வேண்டும். அடுத்த சந்திப்பில் சிகிச்சையாளரும் அவளும் சேர்ந்து அதை வாசிப்பார்கள். வாசிப்பில்தான் சிகிச்சை நடக்கிறது. மதியம் பட்டினி கிடந்தவளுக்குத்தான் ராத்திரி அடக்க முடியாமல் தின்னத் தோன்றுகிறது என்ற கண்ணி அவளுக்கே பிடிபடும்.

காகிதத்தில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள். இரண்டு, சொன்ன நேரத்தில் யாரும் எழுதுவதில்லை. இதை ஆர்தர் ஸ்டோனும் மற்றவர்களும் 2002இல் நாட்பட்ட வலியுள்ளவர்களிடம் ஒரு தந்திரத்தோடு சோதித்தார்கள். நோட்டு திறக்கப்படும் நேரத்தைப் பதியும் உணரியை மறைத்துவைத்தார்கள். 90 சதவிகிதம் நேரத்துக்கு எழுதியதாக நோட்டு சொன்னது. உண்மையில் 11 சதவிகிதம்தான். மீதியெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது போல மொத்தமாக எழுதி நிரப்பியவை. கைப்பேசி அந்த நேரத்திலேயே கேட்கிறது, பதிகிறது, சிகிச்சையாளருக்கு அனுப்புகிறது. இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடக்க முடியாமல் தின்னும் துயரம் உள்ளவர்களில் சிலருக்கு இவ்வகைச் செயலிகள் மிதமாக உதவுவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் 'ஒரு வேளை' என்று செயலி கேட்பது எதை? காலை, நண்பகல், இரவு, இடையே சிற்றுண்டி என்று அதன் கட்டங்கள் இருக்கின்றன. கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டு வேலைக்குப் போகிறவள் விடியலில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுப் போய், பதினோரு மணிக்குத் தூக்குவாளியைத் திறந்து, ராத்திரி எல்லாருக்கும் போட்ட பிறகு நின்றபடி இரண்டு வாய் அள்ளிப்போட்டுக்கொள்கிறாள். கட்டங்கள் காலியாகவே இருக்கும். அவளுக்கு நோயா, வாழ்க்கையே அப்படியா? செயலிக்குத் தெரியாது. உணர்ச்சிகளின் பட்டியலில் கோபம் இருக்கும், சோகம் இருக்கும், குற்றவுணர்வு, அருவருப்பு இருக்கும். 'வெக்கு வெக்குனு இருக்கு' என்பதற்கும் 'ஆத்தாமையா வருது' என்பதற்கும் எந்தப் பொத்தான்? நான் எடுத்துப் பார்த்தவை எதிலும் தமிழ் இல்லை.

அருவருப்பு என்ற பொத்தானைப் பற்றி இன்னும் கொஞ்சம். இதே மாவட்டத்தில் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை நின்றுவிடுகிற ஒருத்தியின் அருவருப்பைத் 'தவறான எண்ணம், மாற்று எண்ணத்தை எழுதிப் பார்' என்று சொல்லும் ஒரு சிகிச்சை முறையை யோசித்துப் பாருங்கள். சாதிச் சமூகத்தில் வாய்க்கும் தொண்டைக்கும் இடையே வரலாறு இருக்கிறது. தனிமனிதத் தலையை மட்டும் திருத்தும் எந்தக் கருவியும் அங்கே தடுக்கி விழும்.

அடுத்து, கைப்பேசி யாருடையது? ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் இணையத்தை ஒரு தரமேனும் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கும். ஆனால் கையில் போன் இருப்பதும் அது தன்னுடையதாக இருப்பதும் வேறு வேறு. அண்ணன் வாங்கிப் பார்ப்பான், அப்பா பூட்டுக் குறியைக் கேட்பார். காகித நோட்டின் முதல் சங்கடம் கண்ணாடித் திரைக்குள் அப்படியே குடிபுகுகிறது.

அதே திரையில்தான் பக்கத்துக் கட்டத்தில் கலோரி எண்ணும் செயலியும் இருக்கிறது. அமெரிக்காவில் லெவின்சனும் மற்றவர்களும் உணவுக் கோளாறு உள்ளவர்கள் 105 பேரைக் கேட்டு 2017இல் எழுதினார்கள். ஏறத்தாழ நான்கில் மூவர் 'மைஃபிட்னஸ்பால்' என்ற கலோரிச் செயலியைப் பயன்படுத்தியவர்கள். அவர்களில் 73 சதவிகிதத்தினர் தம் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னார்கள். நோயைத் தந்த கருவியிலேயே மருந்தும் வைத்திருக்கிறோம் என்கிறது சந்தை. எண்ணுவதே நோயாகிவிட்ட ஒருத்தியை எண்ணச் சொல்லிக் குணப்படுத்தும் முரண் எல்லாச் செயலிக்குள்ளும் இருக்கிறது. நல்ல சிகிச்சைச் செயலிகள் கலோரியையே கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் பச்சைக் குறி, நட்சத்திரம், விடாமல் பதிந்த நாள்களின் கணக்கு என்ற பரிசுகளின் மொழியை அவை கைவிடவில்லை. உணவு மறுப்பவள் ஏற்கெனவே தன்னைத்தானே கண்காணிப்பதில் கெட்டிக்காரி. அவள் பரிசு பெறும் நோயாளியாகவும் கெட்டிக்காரத்தனமாக இருந்துவிடுவாள்.

ஃபூக்கோவைப் படித்த நமக்கு இந்த இடத்தில் வேலை சுலபம். பாவமன்னிப்பு, கண்காணிப்பு, தன்னைத்தானே ஆளும் தன்னிலை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பெண்ணின் உண்ணாமையை எதிர்ப்பு என்று கொண்டாடியும் விடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனநோய்களில் அதிகமாக உயிரைப் பறிப்பவற்றில் உணவு மறுப்பும் ஒன்று. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயம் திடீரென்று தாளம் தப்பும். நெடுநாள் பட்டினி கிடந்தவளுக்குப் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டினால் பாஸ்பேட் சரிந்து அதிலும் சாவு வரலாம். எதிர்ப்பின் அழகியல் பேசுகிறவர்கள் இந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வாசிக்க வேண்டும். அதை எந்தச் செயலியாலும் எடுக்க முடியாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

5

செயலியின் மறுமுனையில் யார் என்ற கேள்விக்கு 2023 ஒரு பாடம் வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் உதவித் தொலைபேசியை நடத்தி வந்தது. கூலி பெறும் ஊழியர்கள் சிலர்; மற்றவர்கள் ஏறக்குறைய இருநூறு தொண்டர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அழைப்புகள் குவிந்தன. வேலைப் பளு தாங்காமல் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். 2023 மார்ச்சில் நிர்வாகம் உதவித் தொலைபேசியையே மூடப்போவதாக அவர்களிடம் சொன்னது. மூடியபின் மிஞ்சியிருந்தது 'டெஸ்ஸா' என்ற உரையாடும் நிரல். மே மாத இறுதியில் அந்நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் அதனோடு பேசிப் பார்த்தார். அது எடை குறைக்கும் ஆலோசனை சொன்னது: தினமும் 500 முதல் 1000 கலோரி குறைக்கலாம், வாரம் ஒருமுறை எடை பார்க்கலாம். உணவு மறுப்பவளுக்கு உணவைக் குறைக்கச் சொல்லும் வைத்தியம்! மே 30 அன்று டெஸ்ஸாவை விலக்கினார்கள். தொலைபேசியின் ஆள்கள் திரும்பவில்லை.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் படிப்பது பிழையான வாசிப்பு. கேட்கும் காதுகள் கூலி கேட்டன. காதில்லாத ஒன்று அவற்றின் இடத்தில் நிறுத்தப்பட்டது. உழைப்பு பற்றிய கேள்வி இங்கே சிகிச்சை பற்றிய கேள்வியாகவே இருக்கிறது. அதே ஆண்டு 'பெட்டர்ஹெல்ப்' என்ற உளவியல் ஆலோசனை நிறுவனம், வாடிக்கையாளர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்த வழக்கில் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. காயசண்டிகையின் உருவம் எங்கெல்லாம் உலவுகிறது பாருங்கள்.

நம் ஊரிலும் உணவையும் உடலையும் பதியும் ஒரு செயலி ஏற்கெனவே இருக்கிறது. 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு கொண்டுவந்த 'போஷன் டிராக்கர்'. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் எடையையும் உயரத்தையும் அதில் ஏற்ற வேண்டும். 2025இல் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவுக்கும் முகத்தைக் காட்டி அடையாளம் நிறுவ வேண்டும் என்றாயிற்று. சிக்னல் கிடைக்காத மரத்தடியில் கர்ப்பிணியின் முகத்துக்கு நேராகப் போனைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நிற்கும் பணியாளருக்கு, அப்பெண்ணிடம் 'ஏன் தாயி இப்படி வாடிப்போயிருக்க?' என்று கேட்க நேரம் எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு ஊட்டுகிற நேரத்தைப் போனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அரசின் தராசில் பெண் எப்போது ஏறுகிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்து ஆறு வயது வரை குழந்தையாக ஏறுகிறாள். பிறகு கர்ப்பிணியாக ஏறுகிறாள். மகப்பேறு உதவித் திட்டத்துக்கு, 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் போராடி இடம்பெற்று, 1912இல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத்தான் தமிழ்நாட்டு அரசு வைத்திருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் நடுவில் பதினெட்டு வயதில், கல்லூரி விடுதியில், ஸ்பின்னிங் மில் விடுதியில் உண்ணாமல் தேய்கிறவள் எந்தத் தராசிலும் இல்லை. பிள்ளை பெறும் உடலாக இல்லாத பெண்ணுடல் அரசுக்குக் கண்ணில் படுவதில்லை. மேலே சொன்ன கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவிகிதம் எடை குறைந்தவர்கள், 40.4 சதவிகிதம் எடை கூடியவர்கள், 53.4 சதவிகிதம் ரத்தசோகை உள்ளவர்கள். இந்த எண்களில் எதுவும் உண்ண மறுப்பவளைத் தனியே காட்டாது. எடை குறைந்தவர்களில் அவளும் கரைந்துபோகிறாள். தின்று வாந்தி எடுப்பவள் 'சராசரி'க்குள் ஒளிந்துகொள்கிறாள்.

6

அப்படியானால் கருவியே வேண்டாமா? புதுக்கோட்டையின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் இம்மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட்டியது. பேருந்துக்குள் ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். பேருந்து வந்து நின்றதும் உள்ளூர்ப் பணியாளர்கள் நோயாளிகளை அழைத்துவந்தார்கள், பேச்சுக்குத் துணை நின்றார்கள், வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். மாத்திரை இலவசம். கடும் மனச்சிதைவு போன்றவற்றுக்கான ஏற்பாடு அது, உணவு மறுப்புக்கானதல்ல. ஆனால் அதன் வடிவத்தைப் பாருங்கள். திரையின் இரு முனையிலும் ஆள் இருந்தார்கள். தொழில்நுட்பம் ஆளைக் கூட்டிவந்தது. ஆளுக்குப் பதிலாக வரவில்லை.

இன்னொன்று சைக்கிள். 1991-92இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இங்கே ஆயிரக்கணக்கான பெண்களை எழுத்தோடு சைக்கிளிலும் ஏற்றியது. பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் சைக்கிள் ஓட்டினார்கள். கருவி அவர்களை மாற்றியது எப்படி? ஒருத்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட இன்னொருத்தி மிதித்தாள். பிறகு தான் விரும்பிய இடத்துக்குப் போனாள். போன இடத்தை யாருக்கும் அறிக்கை அனுப்பவில்லை. ஒரு கருவியை மதிப்பிட இந்த இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்: பிடித்துக்கொண்டு ஓட ஆள் இருக்கிறதா? போன இடம் அவளுடையதா?

இவற்றை வைத்துச் சில கோரிக்கைகள். 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் மனநல உதவி கிடைக்கிறது. அங்கே காது கொடுப்பவர்களுக்கு உணவு மறுப்பைப் பற்றித் தனிப் பயிற்சி வேண்டும், நல்ல ஊதியமும் வேண்டும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017 முதல் இயங்குகிறது. எடை குறைந்து வரும் இளம்பெண்ணை ரத்தசோகை மாத்திரையோடு திருப்பி அனுப்பாமல் மனநலப் பிரிவுக்கும் அனுப்பி, ரத்தத்தையும் இதயத்தையும் பார்க்கும் ஒரு வழிமுறை அங்கே வேண்டும். செயலி வருமானால், வாராவாரம் முகம் பார்க்கும் ஒரு சிகிச்சையாளரோடு சேர்ந்து வரட்டும். தனியாக வர வேண்டாம். அதில் குரலில் பேசிப் பதியும் வசதி இருக்கட்டும். எழுத்தும் பொத்தானும் தெரிந்தவளுக்கு மட்டும் நோய் வருவதில்லை. தகவல் அவளிடமே இருக்கட்டும், அவள் அழித்தால் அழியட்டும்.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு. இந்தச் செயலிகளுக்குள் ஒரு தமிழ்ச் சொற்பட்டியல் எப்படியும் வந்து சேரும். ஏதோ ஒரு நிறுவனம் அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்துப் போட்டுவிடும். 'இறங்கல', 'செல்லல', 'அண்டல', 'கொமட்டுது', 'நெஞ்சுல நிக்குது' என்பனவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியப்போவதில்லை. எங்கே எது சொல்லப்படுகிறது, யாரிடம் சொல்லப்படுகிறது, யாரிடம் மறைக்கப்படுகிறது என்று அறிந்தவர்கள் நாம். பசியைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். உண்ணாதவளைப் பற்றி எழுதும்போது ஒன்று தெய்வமாக்கினோம், அல்லது திமிர் பிடித்தவள் என்றோம். அவள் வாயிலிருந்தே வரும் சொற்களைச் சேகரிக்கும் வேலையை இனி யாராவது தொடங்க வேண்டும். எந்தச் செயலியும் அதற்குப் பிறகுதான் தமிழில் பேச முடியும்.